ரிசோர்ஸ் ஏஜென்ட்களைப் பைத்தானுக்கு மாற்றுங்கள்: கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் டேட்டாபேஸ் நின்றுபோன இரவைப் பற்றிய அறிக்கை உங்களிடம் வந்திருக்கும். 'மனிதத் தவறு' என்று அதை முடித்துவிட்டார்கள். அன்று இரவுப் பணியில் இருந்தவன் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

டேட்டாபேஸ் செத்துக் கிடந்தது. சேவைகளைக் கண்காணித்து, ஒரு கணினியில் நின்றால் இன்னொன்றில் கிளப்ப வேண்டிய கிளஸ்டர் மென்பொருளான பேஸ்மேக்கரோ எல்லாம் ஓடுவதாகக் காட்டியது. பக்கத்து நோடு (கிளஸ்டரின் இன்னொரு கணினி) பொறுப்பேற்கத் தயாராக இருந்தும் யாரும் அதைக் கூப்பிடவில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது. டேட்டாபேஸைத் தொடங்கவும் நிறுத்தவும் சோதிக்கவும் பேஸ்மேக்கர் இயக்கும் நிரல்தான் ரிசோர்ஸ் ஏஜென்ட்; நம்முடையது ஷெல்லில் எழுதியது. அதில் சோதிக்கும் மானிட்டர் ஃபங்ஷனில் ஒரே வரிதான்: 'லோக்கல்' என்று மாறியை அறிவிக்கும் அதே வரியில் சோதனைக் கட்டளையையும் ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் எக்சிட் கோடை, அதாவது கட்டளை முடியும்போது தரும் எண்ணை, படித்திருக்கிறார்கள். அங்கே கிடைப்பது கட்டளையின் கோடு அல்ல, லோக்கலின் கோடு. கட்டளை தோற்றாலும் அது 0தான். பேஸ்மேக்கருக்கு 0 என்றால் ஓடுகிறது, 7 என்றால் ஓடவில்லை. 7 போக வேண்டிய இடத்தில் 10 விநாடிக்கு ஒருமுறை 0 போய்க்கொண்டே இருந்தது. ஷெல் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

அந்த வரியைத் திருத்தியாயிற்று, சரி. ஆனால் அந்த ஃபங்ஷனை நகலெடுத்த மற்ற ஏஜென்ட்கள்? இதே பிழை நிறுத்தும் ஃபங்ஷனான ஸ்டாப்பில் இருந்தால், நிற்காத டேட்டாபேஸை நின்றதாக நம்பி இன்னொரு நோடில் கிளஸ்டர் கிளப்பிவிடும். இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதினால் தரவு என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏஜென்ட்களைப் பைத்தானில், ஒரு பொதுவான பேஸ் கிளாஸின் (எல்லா ஏஜென்ட்களும் பகிரும் அடிப்படை நிரலின்) மேல் எழுத அனுமதி தாருங்கள். பேஸ்மேக்கருக்கு மொழி பொருட்டே இல்லை. அது ஃபைலை இயக்கும், எக்சிட் கோடைப் பார்க்கும், அவ்வளவுதான். பேஸ்மேக்கரை உருவாக்கும் கிளஸ்டர்லேப்ஸின் ஏஜென்ட் தொகுப்பிலேயே பைத்தான் ஏஜென்ட்களுக்கென ஒரு நூலகம் இருக்கிறது. 0, 7 கணக்கெல்லாம் பேஸ் கிளாஸில் ஒரே இடத்தில் இருக்கும். நிரலில் எங்கும் கையாளப்படாத எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தால் பைத்தான் 1 என்று வெளியேறும். பேஸ்மேக்கர் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம், உண்மையான டேட்டாபேஸைத் தொடாமலே ஒவ்வொரு கிளாஸையும் சோதிக்கலாம்.

'ஷெல் எல்லாருக்கும் தெரியும்' என்பீர்கள். தெரிந்தவர்கள்தான் அந்த வரியை எழுதினார்கள், தெரிந்தவர்கள்தான் ரிவ்யூவில் ஒப்புதல் தந்தார்கள். இரவுப் பணிக்கு வருபவர்களை இங்கே எந்த முடிவுக்கும் கேட்பதில்லை. விடிந்ததும் விளக்கம் மட்டும் கேட்கிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் ஏஜென்டை நானே பைத்தானில் எழுதித் தருகிறேன். சோதனைக் கிளஸ்டரில் இரண்டு வாரம் ஓடவிட அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணி நிர்வாகி ஒருவன்