உறையூர் சித்தப்பாவுக்கு டேம்பாவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்க நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சித்திக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு, டாக்டர்கிட்ட போனாங்களான்னு தம்பிகிட்ட கேட்டா மழுப்புறான், நீங்க சொல்லுங்க. போன்ல உங்களுக்கு சரியா காது கேக்க மாட்டேங்குது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், தம்பி படிச்சுக் காட்டுவான்.

இங்க அமெரிக்காவுல, ஃப்ளோரிடா பக்கம், வெயில் நம்ம திருச்சி அளவுக்கு இல்ல, ஆனா புழுக்கம் ஜாஸ்தி, வெயில் காலத்துல மத்தியானம் ஆனா இடியும் மின்னலுமா ஒரு மழை கொட்டிட்டு போயிடும். வேலை, வீடு, பசங்க ஸ்கூல்னு வாரம் ஓடிடுது. அதை விடுங்க, சுருட்டு சுத்துற உங்களுக்குன்னு சொல்ல வேண்டிய விஷயம் வேற இருக்கு. நான் வந்து சேர்ந்த இந்த ஊரே சுருட்டு ஊரு சித்தப்பா! ஈபோர் சிட்டின்னு ஒரு ஏரியா, 1885, 86 வாக்குல விசென்டே மார்டினெஸ் ஈபோர்னு ஒருத்தர் சுருட்டு ஃபேக்டரி போட்டு உண்டாக்கினது, கியூபா, ஸ்பெயின், இத்தாலி ஆளுங்க எல்லாம் வந்து குடியேறி உக்காந்து சுருட்டு சுத்தியிருக்காங்க. செங்கல் கட்டடம் எல்லாம் இன்னும் நிக்குது, தெருவுல கோழி சேவல் எல்லாம் சுதந்திரமா திரியுது, யாரும் விரட்ட மாட்டாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, சுருட்டு சுத்துறவங்க தங்களோட சொந்தக் காசைப் போட்டு சம்பளம் குடுத்து ஒரு ஆளை உயரமா மேடையில உக்கார வச்சு பேப்பரும் நாவலும் சத்தமா வாசிக்கச் சொல்லுவாங்களாம், கை பாட்டுக்கு வேலை பாக்கும் காது பாட்டுக்கு கேக்கும். அரசியல் விஷயம் நிறைய படிக்கிறாங்கன்னு 1931ல முதலாளிங்க அதை நிறுத்திட்டாங்க. இதைக் கேட்டப்ப உங்க கம்பெனித் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தர் கராஜ்ல நாங்க நாலஞ்சு பேர் கூடுவோம். ஒரு ரிடையர்டு தீயணைப்பு வீரர், ஒரு ஸ்கூல் டீச்சர், அப்புறம் கியூபா வம்சத்துல ஒரு பெரியவர், அவர் தாத்தா இங்க சுருட்டு சுத்தினவராம். நான் புகையை உள்ள இழுக்கிறதில்ல, வாயோட சரி, அதுவும் கெடுதல்தான்னு தெரியும், சித்திகிட்ட சொல்லிடுங்க, எப்பவாவதுதான்.

போன வாரம் அந்தப் பெரியவர் பத்து வருஷத்துக்கு மேல பெட்டியில வச்சிருந்த ஒரு சுருட்டைக் கொண்டாந்தாரு, பேரே பத்ரோன் 1964. நிகராகுவா புகையிலை, சதுரமா அமுக்கின மாதிரி இருக்கும், 1994ல வந்த ரகம். அதே ரகத்துல அதே சைஸ்ல இந்த வருஷம் கடையில வாங்கினது டீச்சர்கிட்ட இருந்துச்சு. ரெண்டுலயும் லேபிளைக் கழட்டிட்டு எது எதுன்னு சொல்லாம எங்க கையில குடுத்தாங்க.

முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சு போச்சு. புதுசு நல்லாத்தான் இருந்துச்சு, காபி, கோகோ, மூக்கு வழியா விட்டா மிளகு காரம் சுள்ளுன்னு ஏறுது. பழசுல அந்த காரம் அடங்கி, புகை வழவழன்னு வருது, கோகோ வாசம் மட்டும் நின்னு நிதானமா கடைசி வரைக்கும் இருந்துச்சு, காட்டமும் குறைஞ்சிருக்கு. புதுப் புளிக்கும் பழைய புளிக்கும் உள்ள வித்தியாசம்னு சித்தி கேட்டா உடனே புரிஞ்சுக்குவாங்க.

ஆனா பழசுன்னா எல்லாமே ஒசத்தின்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கே கனெக்டிகட்னு ஒரு வெளிர் ரக இலையை மேல சுத்தின லேசான சுருட்டு ஒண்ணும் பழசு புதுசு ரெண்டையும் வச்சுப் பார்த்தோம், புதுசுல பால் மாதிரி ஒரு இனிப்பு இருந்துச்சு, பழசுல ஒண்ணுமே இல்ல, காகிதத்தைக் கொளுத்தின மாதிரி இருந்துச்சு. பெரியவர் சொன்ன காரணம் எனக்கு சரின்னு படுது. செடியோட உச்சி இலை வெயில் வாங்கி எண்ணெயும் காரமும் ஏறி தடிப்பா இருக்கும், அது உள்ள இருந்தாத்தான் வருஷக்கணக்குல மாற சரக்கு இருக்கும், அடி இலை நல்லா எரியும் அவ்வளவுதான். இலையைப் பாடம் போட்டு, அதாவது பதப்படுத்தி, போர் அடுக்குறப்ப உள்ள சூடேறி மூக்கைத் துளைக்கிற அந்த அமோனியா நெடி போகும்ல, அதுல மிச்சம் இருக்கிறதும், சுத்துறப்ப ஈரம் பட்டு திரும்ப கிளம்புறதும் பெட்டிக்குள்ள மெல்ல மெல்ல போகுது. அதனாலதான் சுத்தின புதுசுல பிடிச்சா கசக்குது.

வைக்கிற பெட்டியைச் சொல்லணும். அந்த மரத்துக்கு ஸ்பானிஷ் சீடார்னு பேர், ஆனா உண்மையில நம்ம வேப்ப மரத்துக் குடும்பம்தான், வாசனையும் குடுக்கும் ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். ஈரப்பதம் 65லேருந்து 70 சதவீதம், சூடு 20 டிகிரி பக்கத்துல இருக்கணும், சூடு ஏறினா புகையிலை வண்டு முட்டை பொரிஞ்சு சுருட்டை ஓட்டை போட்டுடும், அதனால சிலர் வாங்கினதும் ஃப்ரீசர்ல வச்சு எடுக்கிறாங்க. மேல சுத்தியிருக்கிற கண்ணாடித் தாள் கூட பழசுல இலையோட எண்ணெய் பட்டு மஞ்சளா மாறிடுது, அதைப் பார்த்தே வயசு சொல்றாங்க!

இவ்வளவும் கேட்டுட்டு நான் அவங்ககிட்ட திருச்சி சுருட்டைப் பத்தி சொன்னேன். ரெண்டு பக்கமும் தலைப்பு மூடாம வெட்டின சுருட்டு, திண்டுக்கல் புகையிலை, ஒரு காலத்துல வெள்ளைக்காரன் லண்டன் வரைக்கும் வாங்கினதுன்னு. அவங்க பேர்தான் கேள்விப்பட்டிருக்காங்க, ஒருத்தரும் பிடிச்சதில்ல. காட்டமான இலைதானே நம்மளது, அப்ப அதுவும் வச்சு வச்சு நல்லா வரணும், உங்க கை சுருட்டை அந்த மேஜையில வச்சு பழசு புதுசு பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.

மாமா பொண்ணு டிசம்பர்ல இங்க வர்றா, அவகிட்ட ஒரு கட்டு புதுசு குடுத்து விடுங்க. பரண்ல நீங்க சுத்தின பழைய கட்டு ஏதாவது கிடக்குதான்னு தம்பியை ஏறிப் பார்க்கச் சொல்லுங்க, இருந்தா அதுல ரெண்டு மூணு போதும், எந்த வருஷத்துன்னு கட்டு மேல எழுதி விடுங்க. அப்புறம் கம்பெனியில சுத்தி முடிச்சு எத்தனை நாள் ஆற வச்சு கட்டுவீங்க, உச்சி இலை எவ்வளவு அடி இலை எவ்வளவு சேர்ப்பீங்க, இதெல்லாம் தம்பியை விட்டு எழுதச் சொல்லுங்க, பெரியவர் கேட்டுக்கிட்டே இருக்காரு.

இப்படிக்கு,
உங்க அண்ணன் மகன்