தரச்சான்று தருபவர்கள் நோயாளியின் பாதத்தையும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தேசியத் தரச்சான்று கிடைத்த செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. படிக்கும்போது மகிழ்ச்சிதான். வெளியிலிருந்து ஆட்கள் வந்து, எட்டுத் தலைப்புகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 100-க்குக் குறைந்தது 70 வாங்க வேண்டும். வாங்கினாலும் சான்று 3 ஆண்டுகளுக்குத்தான். 2015-இல் தூய்மைக்காகக் காயகல்ப் விருது வந்த பிறகு எங்கள் பக்கத்தில் கழிப்பறையும் பிரசவ அறையும் எப்படி மாறின என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

ஆனால் என் அம்மாவின் கதையையும் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது. 12 வருடமாகச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மாதம் ஒரு தடவை எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். மருந்துக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் நோட்டைக் காட்டினால் கைக்கு வந்துவிடும். வெயிலில் நடந்து வந்த மூச்சு அடங்கும் முன்பே, ரவிக்கைக் கைக்கு மேலாகவே பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார்கள். விரலில் குத்தி ஒரு எண்ணை எழுதுவார்கள். "அதே மாத்திரையைச் சாப்பிடுங்கம்மா." அப்புறம் அடுத்த ஆள். இத்தனை வருடத்தில் "செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கிறேன்" என்று ஒருவரும் சொன்னதில்லை.

போன வருடம் புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் புண் வந்தது. சுகரால் மரத்துப்போன கால், அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் நானே கவனித்தேன். ஜி.எச்.சில் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. தினமும் ராத்திரி பாதத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு 12 வருடம் கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

டாக்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. காலையில் ஓ.பி. வரிசை வாசல் வரை நிற்கும். ஆனால் சுகர் உள்ளவருக்கு வருடம் ஒருமுறையாவது பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் எப்போதோ முடிவான விஷயம். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை போதும். பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம்.

மதிப்பீட்டில் சிகிச்சை முறைக்கும் நோயாளிகளின் திருப்திக்கும் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் அம்மாவிடம் கேட்டிருந்தால் "ரொம்பத் திருப்தி" என்றுதான் சொல்லியிருப்பார். மாத்திரை கிடைத்தது, நர்ஸ் அன்பாகப் பேசினார், வேறென்ன வேண்டும்? தனக்கு எது கிடைக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாதே! அதனால் திருப்தியா என்று கேட்பது போதாது. என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். இந்த வருடம் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு பிரஷர் எடுத்தார்களா? மூன்று மாதச் சராசரிச் சுகர் எவ்வளவு என்று சொன்னார்களா? எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை.

2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். பெரிய உதவி அது. வருகிற பெண்களுக்குப் பாதம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ விரல்கள் தப்பும்.

இன்னொன்று. பதிவு செய்த பிரஷர்காரர்களில் எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருக்கிறது, சுகர்காரர்களில் எத்தனை பேருக்குப் பாதம் பார்த்தாயிற்று என்று சுகாதார நிலைய வாசலில் பலகையில் எழுதிப் போடலாம். அடுத்த முறை மதிப்பிட வருகிறவர்கள், பதிவேட்டைப் பார்ப்பதோடு, மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிற பத்துப் பேரை நிறுத்தி இந்தக் கேள்விகளைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.