காவடிப் பாதையைத் துப்புரவாக்கும் முன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோயில் வளாகத்தையும் காவடி வரும் பாதையையும் தொண்டர்களே துப்புரவாக்குவது மொரீஷியசில் பல ஊர்களில் நெடுங்காலமாக நடந்துவரும் திருப்பணி. ஜனவரி மழையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். முன்பு அரிவாளும் மண்வெட்டியுமாகப் பலர் சேர்ந்து பல நாள் செய்த அந்த வேலையை, இப்போது நாம் ‘தெப்ருசாயேஸ்’ என்று சொல்லும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று இளைஞர்கள் ஒரே காலையில் முடித்துவிடுகிறார்கள். அந்த இயந்திரத்தைக் கையாளும் முறை குறித்து, குறிப்பாக அதைச் சுற்றி நிற்பவர்கள் குறித்து, தங்கள் நாளிதழ் வழியாகக் கோயில் நிர்வாகத்தினருக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு பூசத்துக்குச் சில நாள்களுக்கு முன், என் தம்பி மகன் எங்கள் ஊர்க் கோயிலின் பின்புறச் சரிவில் இரும்புத் தகடு பூட்டிய இயந்திரத்தால் புதர் வெட்டிக்கொண்டிருந்தான். புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் தகடு மோதியது. கண்ணில் ஏதோ தூசி விழுந்ததுபோல் இருந்ததாம். குழாயடியில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பெரிய வலி இல்லை, இரத்தமும் இல்லை. மறுநாள் காலையில் அந்தக் கண்ணில் பார்வை மங்கியிருந்தது. தகட்டின் முனையிலிருந்து சிதறிய, கடுகைவிடச் சிறிய இரும்புத் துணுக்கொன்று கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. வேகமாக வரும் சிறு துணுக்கு வலியில்லாமலேயே கண்ணுக்குள் புகுந்துவிடும் என்பதையும், உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அறுவை செய்து துணுக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய பார்வை முழுவதும் திரும்பவில்லை. அன்று அவன் அணிந்திருந்தது வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி. பாதுகாப்புக் கண்ணாடி எங்கே என்று அவனிடம் கேட்டிருக்க வேண்டிய பெரியவன் நான். பக்கத்திலேயே நின்றும் கேட்கவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்த மனக்குறைதான்.

இந்த இயந்திரத்தின் வேகத்தை நம்மில் பலர் உணர்வதில்லை. 25 செ.மீ. குறுக்களவுள்ள தகடு நிமிடத்துக்கு 8000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு 370 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. தகட்டுக்குப் பதிலாக நைலான் நரம்பு பூட்டிய தலையோ இன்னும் அகலமான வட்டத்தில் சுற்றுவதால், 40 செ.மீ. வட்டத்தில் அதன் நுனி வேகம் மணிக்கு 600 கி.மீ.யைத் தொடும். அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் தீவு எரிமலையால் உண்டானது. தோண்டிய இடமெல்லாம் கல். கரும்பு நடுவதற்காக நம் முன்னோர் கையால் பொறுக்கிக் குவித்த கற்குவியல்கள் இன்றும் தோட்டங்களின் நடுவே நிற்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில் இந்த இயந்திரத்தை இயக்கும் முன், வெட்டப்போகும் இடம் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துக் கல், கம்பி, புட்டி, தகர டப்பா ஆகியவற்றைப் பொறுக்குவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது மற்ற எல்லா இடங்களையும்விட இங்கே கட்டாயமானது.

அடுத்தது, சுற்றி நிற்பவர்கள். வெட்டுபவரைத் தவிர வேறு எவரும் 15 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று இயந்திரத்துடன் வரும் கையேடுகள் சொல்கின்றன. ஏறக்குறைய 20 பெரிய தப்படி. கோயில் பணியிலோ, ஒருவர் வெட்டிக்கொண்டே போக, மூன்றடி பின்னால் இன்னொருவர் புல்லை வாரிக்கொண்டே வருகிறார். பெண்கள் தேநீர் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். பெரியவர்களிடம் நயமாகவும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவும் சொல்லி, அந்த எல்லைக்குள் யாரும் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு தொண்டரை நிறுத்த வேண்டும். காதடைப்பு அணிந்து வெட்டுபவருக்கு நாம் கூப்பிடுவது கேட்காது. (இந்த இரைச்சலில் காதடைப்பும் தவிர்க்க முடியாததே.) ஆகவே பின்னால் போய் அவர் தோளைத் தட்டவே கூடாது, திடுக்கிட்டுத் திரும்பினால் இயந்திரமும் அவரோடு சேர்ந்து திரும்பும். அவர் பார்வையில் படும்படி தொலைவில் நின்று கையசைத்து, இயந்திரம் நின்று தகடும் ஓய்ந்த பிறகே அருகில் போக வேண்டும்.

தகட்டுக்குப் பின்னால் இருக்கும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. ஈரப் புல் அதில் அடைத்துக்கொள்கிறது என்றும், மூடி இல்லாவிட்டால் நரம்பை நீளமாக விட்டு அகலமாக வெட்டலாம் என்றும் காரணம் சொல்கிறார்கள். அந்த மூடிதான் வெட்டுபவரின் கால்களுக்கும் முகத்துக்கும் உள்ள முதல் தடுப்பு. நரம்பை அளவோடு நறுக்கும் சிறு கத்தியும் அதில்தான் இருக்கிறது. நீளம் கூடினால் எந்திரம் திணறிச் சூடேறும். சிலர் நைலான் அறுந்துபோகிறது என்று சைக்கிள் பிரேக் கம்பியைச் செருகுகிறார்கள். அறுந்த கம்பித் துண்டு அம்புபோல் பாயும். சங்கிலிக் கண்ணிகளைக் கோத்துச் செய்த வெட்டுத் தலைகளை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடை விதித்தது. ஒரு கண்ணி கழன்று பறந்து மனித உயிரைக் குடித்த பின்பே அந்தத் தடை வந்தது. நம் அண்டைத் தீவான ரீயூனியன் அந்த ஒன்றியத்தைச் சேர்ந்தது என்பதால், அங்கே விலக்கப்பட்ட பொருளை இங்கே யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இரும்புத் தகடு பூட்டி வெட்டும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தகட்டைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டவுடன் இயந்திரம் வெட்டுபவரின் கையை மீறிப் பக்கவாட்டில் எகிறும். இடப்பக்கத்து முன்பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்டுவதே முறை. தோள்வாரை உடலுக்கேற்ப அளவாக்கிக்கொண்டால் இதற்கான பிடிமானம் கிடைக்கும்; வாரில்லாமல் கையில் மட்டும் தூக்கிக்கொண்டு வெட்டுவதை அனுமதிக்கவே கூடாது. சுற்றிக்கொண்ட புல்லை எடுப்பதற்கு எந்திரத்தை முழுவதும் நிறுத்த வேண்டும். விசையை விட்டபின்னும் தகடு சில நொடிகள் சுழலும்.

கண்ணுக்கு வருகிறேன். முகத்துக்கு முன் தொங்கும் கம்பிவலைத் தடுப்பு பெரிய கல்லைத் தடுக்கும். துணுக்கு அதன் ஓட்டைகளில் நுழைந்துவிடும். எனவே அதற்குள்ளே பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு கண்ணில் ஏதாவது தெறித்துவிட்டால், தகடு கல்லிலோ இரும்பிலோ மோதிய நேரமாயின் அதைத் தூசி என்று எண்ணிவிடக் கூடாது. கசக்காமல், அழுத்தாமல், குத்தி நிற்பதைப் பிடுங்காமல், ஒரு காகிதக் குவளையைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் படியுமாறு கவிழ்த்து வைத்து, அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டு அரசுக் கண் மருத்துவமனைக்குப் பாரதியாரின் பெயரைச் சூட்டியிருப்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. நம் பிள்ளைகள் கோயில் பணிக்குப் போய் அங்கே படுத்துக்கிடக்கும் நிலை வர வேண்டாம்.

காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்பதையும் வெட்டுபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சாய்வாக வெட்டிய புதரின் அடிக்கட்டை ஈட்டிபோல் நிற்கும். அறுந்த நரம்புத் துண்டுகளும் உடைந்த கற்சில்லுகளும் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும். வெட்டி முடித்ததும் பாதையைப் பெருக்கி, கட்டைகளைத் தரையோடு களைந்துவிட்டால்தான் துப்புரவுப் பணி முடிந்ததாகும்.

ஒரு கோயிலுக்கு இரண்டு நல்ல கண்ணாடி, இரண்டு வலைத் தடுப்பு, காதடைப்பு, கனமான காலணி வாங்குவது அன்னதானச் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். கொடியேற்றத்துக்கு முன்பே நிர்வாகக் குழுக்கள் இதைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை செய்ய வரும் இளைஞர்களில் பலருக்குத் தமிழ் பேசவும் படிக்கவும் சரளமாக வராது. ஆகையால் இக்கடிதத்தைப் படிக்கும் பெரியவர்கள், இதிலுள்ள செய்திகளை அவர்களுக்குக் கிரியோல் மொழியில் எடுத்துச் சொல்லி, 15 மீட்டர் தொலைவைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகவே போட்டுக் காட்டும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.