அதிர்ஷ்டம் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அவுஸ்திரேலியாவின் ஷோர்ட் ட்ராக் (குறுகிய பனித்தளச் சுற்றில் நடக்கும் வேகச் சறுக்கல்) வீரர் ஸ்டீவன் பிராட்பரி, 2002 சோல்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வென்ற தங்கத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை குறிப்பிட்டிருந்தமை ஏற்புடையதன்று. 1000 மீற்றர் இறுதிப் போட்டியின் கடைசி வளைவில் முன்னே சென்ற நால்வரும் விழுந்தது உண்மையே. ஆயினும் 1994 இல் மொன்றியலில் மற்றொரு வீரரின் சறுக்குக் காலணியிலுள்ள கத்தி தொடையைக் கிழித்து 111 தையல்கள் போடப்பட்டு, 2000 இல் பயிற்சியின்போது கழுத்து முள்ளெலும்பும் முறிந்த பின்னர் அவர் மீண்டும் தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்றதை எந்த அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவது?

காயத்துக்குப் பின் வரும் காலமே ஒரு வீரரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. என்னிடம் பயின்ற ஓட்ட வீராங்கனை ஒருவர், முழங்கால் தசைநார் கிழிந்த பின்னரும் கட்டுப் போட்ட காலுடன் மைதானத்துக்கு வந்து தோழியரின் சுற்று நேரங்களைக் குறித்துத் தந்தார். இயன்மருத்துவச் செலவுக்கு வழியின்றி, இறுதியில் ஓட்டத்தையே கைவிட்டார். மாகாண மட்டப் போட்டிகளுக்குத் தகுதிபெறும் மாணவர்கள் காயமுற்றால், அவர்கள் மீண்டும் களமிறங்கும்வரை அச்செலவை விளையாட்டுத்துறை அமைச்சு ஏற்க வேண்டும்.

பாடசாலை மெய்வல்லுநர் பயிற்றுநர்,
கொழும்பு 13.