டாக்டருக்கு அப்புறமும் ஆட்கள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவர் தினமான ஜூலை 1 அன்று நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். சிறுநீரக மருத்துவர்களைப் பாராட்டியிருந்தீர்கள், சரிதான். என் கணவருக்குப் பல வருடங்களாக இங்கே மும்பையில் டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) நடக்கிறது. வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அதில் டாக்டர் கட்டில் பக்கம் நிற்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியும் எழுத வேண்டாமா?

நோயாளிகள் கண்ணிலேயே படாத ஒருவரை முதலில் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு மட்டுமே. குளோரின் அதைத் தாண்டி வந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதனால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில் ஒருவர் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காலை ஷிஃப்ட் தொடங்கும். எங்கள் சென்டரில் அந்த வேலை பார்ப்பவர் தாராவிக்காரர், திருநெல்வேலிப் பூர்வீகம். வார்டில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது.

அடுத்து டெக்னீஷியன்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையில் குத்தும் ஊசி, ரத்தப் பரிசோதனை ஊசி மாதிரி அல்ல, நல்ல தடிமன். ஒரே இடத்தில் குத்தினால் ரத்தக்குழாய் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்து இடம் மாற்றுகிறார்கள். அந்தக் கையை இறுக்கக் கூடாது. புதிதாக வந்த யாராவது அதில் பி.பி. பட்டையைச் சுற்றப் போனால், பெருக்கிக்கொண்டிருக்கும் மௌசியே (துப்புரவு வேலை பார்க்கும் அம்மா) மராத்தியில் ஒரு அதட்டுப் போடுவார்.

பொட்டாசியம் அதிகமுள்ள இளநீர் மேல் இருக்கும் ஆசையை விடாமல் கண்டிக்கும் டயட்டீஷியனுக்கும் நன்றி. (என் கணவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.)

நாங்கள் இருப்பது செம்பூரில், சென்டர் மாட்டுங்காவில். சயனைத் தாண்டி ஆட்டோவுக்கு அனுமதி இல்லாததால் வழக்கமாக ஒரே டாக்ஸிக்காரர்தான் வருகிறார். பெருமழை நாட்களில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கும் என்று அவரே முன்கூட்டி போன் செய்து சீக்கிரம் கிளப்பிவிடுவார். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த ஜூலைக்கு டெக்னீஷியன்களையும் ஆர்.ஓ. அறைக்காரரையும் பேட்டி எடுங்கள். எங்கள் சென்டரில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள். காலை ஷிஃப்டுக்கு முன்பே போனால்தான் ஆளைப் பிடிக்கலாம், நிருபரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை