ஹீலியத்துக்கு எந்த இடம்?

அன்புள்ள சோடியம்,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் யார் என்ன கலர் புடவை என்று எங்களுக்கே சொல்லித் தருகிறார். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டப் போகிறாய், திட்டு. ஆனால் முதலில் இதைப் படித்துவிடு, இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. நம் தோழி ப்யூரெட்டுக்குப் போன் போட்டு ஆரம்பித்தேன், "பையனைக் கோச்சிங்கில் விடணும், அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் லேபில் தொங்கிய தனிம வரிசை அட்டவணை கிழிந்து போய்விட்டது. சரி, சுவரிலேயே பெயின்ட்டில் எழுதிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. நல்ல நீளமான சுவர். பாடப்புத்தக அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். அந்த இன்னொன்று ஷார்ல் ஜானே போட்டது.

யார் இந்த ஜானே என்கிறாயா? பாரிசுக்கு வடக்கே போவே என்று ஒரு ஊர், அங்கே பிரஷ் தயாரிக்கும் ஆலையில் இருந்த என்ஜினியர். எறும்பும் குளவியும்தான் அவருடைய முதல் காதல். ராணி எறும்பு ஒருமுறை பறந்து இறங்கியதும் அதன் பறக்கும் தசைகள் கரைந்து போகின்றன என்று நுணுக்கமாக ஆராய்ந்து 1907-லேயே எழுதியவர். 1849-ல் பிறந்த அந்த மனிதர், எழுபத்தெட்டு எழுபத்தொன்பது வயதில் தனிமங்களை அடுக்க உட்கார்ந்திருக்கிறார்! சொந்தச் செலவில் பிரெஞ்சில் சிறு சிறு நூல்களாக அச்சிட்டார், வேதியியல் உலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1932-ல் போய்விட்டார்.

இப்போது ஒரு பேப்பர் எடு. வழக்கமான அட்டவணையில் இடது ஓரத்தில் இருக்கிற கார உலோகங்கள், கார மண் உலோகங்கள் இரண்டு தொகுதிகளையும் வெட்டி எடுத்து வலது ஓரத்தில் ஒட்டு, ஒட்டும்போது ஒரு வரிசை மேலே ஏற்றிவிடு. கீழே தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் லாந்தனைடு, ஆக்டினைடு வரிசைகளை இடது பக்கம் செருகு. கடைசியாக ஹீலியத்தை நியானுக்கு மேலிருந்து கிளப்பி, ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில், பெரிலியத்துக்கு மேலே உட்கார வை. அவ்வளவுதான். இடமிருந்து வலமாக ஏறும் படிக்கட்டு மாதிரி ஒரு வடிவம் வரும், வரிசைகளின் நீளத்தை எண்ணிப் பார்: 2, 2, 8, 8, 18, 18, 32, 32. எல்லாமே ஜோடி ஜோடியாக. நாம் படித்ததில் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று முதல் 2 மட்டும் ஜோடியில்லாமல் நிற்கும், அது ஏன் என்று நாமும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

இதற்குள் இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாவது வரிசையில் எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆர்பிட்டால்களைப் பார்: 2பி, 3எஸ். முன்னால் நிற்கும் முதன்மைக் குவாண்டம் எண்ணோடு, எழுத்துக்குரிய கோண உந்தக் குவாண்டம் எண்ணைக் (எஸ் என்றால் 0, பி 1, டி 2) கூட்டு, 2+1, 3+0, இரண்டும் 3. ஐந்தாவது வரிசை 3டி, 4பி, 5எஸ், மூன்றுமே 5. எந்த வரிசையை எடுத்தாலும் அதன் கூட்டுத்தொகை ஒன்றேதான், வரிசை எண்ணும் அதுவேதான். 4எஸ் நிரம்பிய பிறகுதான் 3டி என்று சாய்வாக அம்புக்குறி போட்டு உருப்போட்டோமே, அது மொத்தமும் இங்கே அட்டவணையின் உருவத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் மாடலுங் பெயரில் வழங்கும் அந்த விதியை அவர் அச்சில் வெளியிட்டது 1936-ல். கிழவர் அதற்கு முன்பே படிக்கட்டைக் கட்டி முடித்துவிட்டார்.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று தெரியும். ஹீலியம் மந்த வாயு, பெரிலியம் நச்சு உலோகம், இரண்டும் ஒரே தொகுதியா என்பாய். ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான், 1எஸ்-இல் இரண்டு. பெரிலியத்தின் வெளிக்கூட்டில் 2எஸ்-இல் இரண்டு, மெக்னீசியத்தில் 3எஸ்-இல் இரண்டு. எலக்ட்ரான் அமைப்பை வைத்துத்தான் அடுக்குகிறோம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு ஹீலியத்துக்கு மட்டும் விதிவிலக்கு. சரி, குணம் ஒத்துவரவில்லை என்கிறாயா? ஹைட்ரஜன் வாயு, அதற்கு அடியில் இருக்கிற லித்தியம் கத்தியால் வெட்டக்கூடிய உலோகம், அந்த ஜோடியை மட்டும் மூச்சுவிடாமல் ஒத்துக்கொண்டோமே! அப்புறம், ஹீலியம் எதோடும் சேராது என்பதும் முழு உண்மை இல்லை. வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தியபோது ஒரு திண்மச் சேர்மத்தில் இடம்பிடித்தது என்று 2017-ல் வெளியிட்டார்கள். கூட இருந்தது யார் தெரியுமா? சோடியம். உன் புத்தி உன் பேருக்கும் இருக்கிறது.

இதற்காக நியான், ஆர்கான் கட்சி தப்பு என்று நான் சொல்லவில்லை. ஹீலியத்தின் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றல், 24.6 எலக்ட்ரான் வோல்ட், தனிமங்களிலேயே அதிகம், மந்த வாயுக்களோடு வைக்க அது நல்ல காரணம். வினைகளைப் பார்க்கிறவளுக்கு அந்த அட்டவணை, எலக்ட்ரானைப் பார்க்கிறவளுக்கு இந்த அட்டவணை. இரண்டையும் அருகருகே பார்த்தால்தான் பிள்ளைகளுக்குக் கேள்வியே வரும்.

ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள், "பரீட்சையில் ஹீலியத்தைப் பெரிலியத்துக்கு மேலே எழுதிவிட்டு வந்தால் மார்க் யார் போடுவார்?" என்று. நியாயமான பயம்தான், அந்த மார்க்கை நம்பித்தான் பல வீடுகள் இருக்கின்றன. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதா? தனிமங்களை அடுக்க அந்தக் காலத்தில் போட்ட மும்மை விதி, எண்ம விதி எல்லாம் நம் பிள்ளைகளுக்கு "குறைபாடுகள் யாவை" என்ற இரண்டு மார்க் கேள்வி. 1866-ல் நியூலாந்து தன் எண்ம விதியை லண்டன் வேதியியல் கழகத்தில் வாசித்தபோது, தனிமங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். இருபத்தொரு வருடம் கழித்துத்தான் நியூலாந்துக்கு டேவி பதக்கம். அடுக்குவது என்பது ஒரு மனுஷன் தலையைப் பிய்த்துக்கொண்டு செய்யும் வேலை, இன்னும் நடந்துகொண்டிருக்கும் வேலை என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. இட்ரியத்துக்குக் கீழே லாந்தனமா லுட்டீசியமா என்று, உலக வேதியியல் அமைப்பான ஐயுபேக்கின் குழு விவாதித்து, லுட்டீசியம் பக்கம் சாய்ந்து அறிக்கை வெளியிட்டதே 2021-ல்தான்டி! படிக்கட்டில் லுட்டீசியம் தானாகவே அங்கே வந்து நிற்கிறது. இதைக் கரும்பலகையில் காட்டியபோது கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அப்போ 119, 120 எங்க மிஸ் வரும்?" என்றான். எட்டாவது வரிசையின் கடைசி இரண்டு கட்டங்கள் காலி. அவனே கண்டுபிடித்தான்.

சுருள் வடிவில் பென்ஃபி என்ற வேதியியலாளர் 1964-ல் போட்ட அட்டவணையும் அழகாக இருக்கிறது, சுவரில் எழுதத் தோதுப்படாது. ஆனால் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன், ஃபவுண்டரிக்காரி. டேவிட் பெட்டிஃபர் என்ற ஆங்கிலேயர் 1984-ல் தொகுதி, தொடர் என்று கட்டம் கட்டாமல், எல்லாத் தனிமங்களையும் ஒரே சரத்தில் கோத்தார். இரண்டு தனிமங்கள் சேர்ந்தால் எந்தப் படிக அமைப்பு வரும் என்பதை அந்தச் சரத்தை வைத்துப் படம் போட்டுப் பார்த்தால், ஒரே அமைப்பு உள்ளவை ஒரே பகுதியில் திரண்டு நிற்கின்றன. அவர் கணக்கில் மெக்னீசியம் கால்சியத்தை விட்டு வெகுதூரம் போய், பாதரசம், காட்மியம், துத்தநாகம் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. உலோகக் கலவைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நீ. மெக்னீசியம் அலாய் உங்களிடம் வரும்போது துத்தநாகத்தின் சொந்தக்காரன் மாதிரி நடந்துகொள்கிறதா, கால்சியத்தின் சொந்தக்காரன் மாதிரியா? விவரமாக எழுது, வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகாதே. பெயின்டர் அடுத்த வாரம் வருகிறார், அதற்குள் தலைமையாசிரியரிடம் இன்னொரு தடவை பேசப் போகிறேன்.

உன்,
குளோரின்