நாக்குக்கு அடியில் விடும் கண் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்க்கின்சன் (நடுக்குவாதம்) நோயாளிகளுக்கு எச்சில் வடிவதைக் குறைக்க, அட்ரோபின் 1 சதவீதக் கண் சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. மருந்துப் பெட்டியிலோ 'கண்ணுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். சீட்டில் "அட்ரோபின், இரு வேளை" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வரும் குடும்பம் என்ன செய்யும்? பயந்து மூலையில் வைத்துவிடும். அல்லது, கண் மருந்துதானே என்று நான்கைந்து சொட்டு விட்டுவிடும்.

ஒரு சொட்டில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் அட்ரோபின் இருக்கிறது. ஊசிக்கான சிறு ஆம்பூலில் (கண்ணாடிக் குப்பியில்) இருப்பதே 0.6 மில்லிகிராம்தான். ஆகவே ஒரு சொட்டு என்பது முழு மருந்து. ஒரு வேளை, ஒரு சொட்டு என்று தொடங்கி, மருத்துவர் சொன்னால் மட்டுமே கூட்டவேண்டும்.

விடும் முறையும் முக்கியம். நோயாளியின் கை நடுங்கும் என்பதால் வேறொருவர்தான் விடவேண்டும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயில் தேங்கிய எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் துடைத்துவிடுங்கள். மருந்தை நேராக வாயில் பிழியாதீர்கள். புட்டியைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலே இரண்டு மூன்று சொட்டு விழுந்துவிடும். சிறு கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணால் பார்த்துவிட்டு, நாக்குக்கு அடியில் சாய்ப்பது பத்திரம். பத்து நிமிடம் தண்ணீர் வேண்டாம். பிறகு உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்த ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து நிற்கும். மூளையில் ரத்தக்கசிவோ என்று மருத்துவமனையே பதறும்.

இந்த நோயில் எச்சில் வடிவது அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்குவது குறைந்துபோவதால்தான். அளவு மீறினால் எச்சில் பசைபோல் கெட்டியாகி, விழுங்குவது இன்னும் சிரமமாகும்.

யாருக்கு இது ஆகாது என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டாகவேண்டும். குறுகிய கோண கிளாகோமா (கண் அழுத்த நோயில் ஒரு வகை), புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுதல், கடும் மலச்சிக்கல், மறதி நோய் உள்ளவர்களுக்குத் தரக்கூடாது. மறதிக்கு ரிவாஸ்டிக்மின் சாப்பிடுபவருக்கு அட்ரோபின் தந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். நடுக்கத்துக்குப் பேசிடேன் சாப்பிடுபவருக்கு ஒரே விதமான மருந்து இரட்டிப்பாகிறது. இல்லாத ஆள் நிற்பதாகச் சொல்வது, திசை தெரியாமல் பேசுவது, நெஞ்சு படபடப்பு, சிறுநீர் வராமை, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்கவேண்டும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. இரைப்பையின் வேகமும் குறைவதால், பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வழக்கத்தைவிடத் தாமதமாக வேலை செய்யலாம். கத்திரி வெயிலில் வியர்வை வற்றி உடம்பு கொதிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கு 0.01 சதவீத அட்ரோபின் இப்போது பரவலாக எழுதப்படுகிறது. பெயர் ஒன்று, வீரியம் நூறில் ஒரு பங்கு. தாத்தாவின் புட்டி பேரனின் கண்ணுக்குப் போனால் ஒரு வாரத்துக்கு மேலும் பார்வை மங்கும். 5 மில்லி புட்டி முழுவதிலும் இருப்பது 50 மில்லிகிராம்; அதில் சிறு பங்கு வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு உயிராபத்து. எட்டாத இடத்தில், பூட்டி வைக்கவேண்டும்.

மருத்துவர்களிடம் என் வேண்டுகோள்: சீட்டில் '1 சதவீதம், நாக்குக்கு அடியில், ஒரு சொட்டு, இந்த நேரம்' என்று தமிழில் முழுதாக எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் புட்டியின் மேல் 'வாய்க்கு' என்று ஒரு சீட்டு ஒட்டிக்கொடுங்கள். எச்சிலைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு: கிளைக்கோபைரோலேட் மாத்திரை மூளைக்குள் அதிகம் போகாது; உமிழ்நீர்ச் சுரப்பியில் போடும் போட்டுலினம் ஊசி சில மாதம் தாங்கும். வயதானவர்களுக்கு அட்ரோபினை எழுதும் முன் இவற்றைப் பற்றியும் வீட்டாரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி.